காற்று இல்லாத குளம்

விடுமுறை நாட்களில் சாகாமக் குளக்கட்டில் அமர்ந்து சித்திரம் தீட்டுவது எமது நெடுநாளைய வழக்கம். ஊசிமுனைத் தூரிகையால் புல்லைத் தாள்தாளாக எண்ணி வரைவோம். கொக்கின் அலகும் இலையின் நரம்பும் எமக்குத் தப்புவதில்லை. ஒருநாள் எம்மிடம் பயிலும் மாணவர் ஒருவர் அப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் இருக்கு சேர், காத்துத்தான் இல்ல" என்றார். பத்தாண்டுப் பெருமையை அந்த ஒரு வாக்கியம் சாய்த்துவிட்டது.

இவ்வாறு இறுகிப்போன கைக்குச் சித்திரக்காரர் கூறும் மருந்து வர்ணக் கத்தியாகும். அது மேசன்மார் சாந்து பூசும் கரண்டியின் சிறிய வடிவம் எனலாம். மெல்லிய உருக்குத் தகடு; வெட்டும் கூர்மை அதற்கில்லை. பிடிக்கும் தகட்டுக்கும் இடையே கழுத்து வளைந்திருப்பதால் விரல்கள் ஈர வர்ணத்திற் படுவதில்லை. இலை நரம்பை வரைய இக்கருவி இலகுவில் உதவாது. அக்குறையே அதன் குணம்! சில்லறை விவரங்களைக் கைவிட்டு நீர், கரை, வான் என்னும் பெரும் பரப்புகளை நோக்குமாறு அது கண்ணைப் பழக்குகிறது.

பிரெஞ்சு ஓவியர் கூர்பே (1819–1877) பாறைகளையும் கடலலைகளையும் கத்தியாலேயே தடித்த வர்ணமாக அப்பினார். தமிழ்நாட்டு ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008) கத்தியின் பொருட்டன்றி, துணிவின் பொருட்டு இங்கு நினைக்கத்தக்கவர். கறுப்பு வெள்ளைக் கோடுகளில் காந்தியடிகளை வரைந்து புகழ்பெற்ற அவர், பிற்காலத்தில் வர்ணப் பரப்புகளாலான அரூப ஓவியங்களுக்குத் திரும்பினார். கைவந்த திறமைக்கு அப்பால் செல்வதற்கும் துணிவு வேண்டுமன்றோ?

எமது முதல் முயற்சி படுதோல்வி. வர்ணங்களை மிகையாகக் குழைத்ததால் குளம் சேறாயிற்று. பின்னரே சில உண்மைகள் விளங்கின. மூன்று நான்கு வர்ணங்களே போதும். அவற்றை அரைகுறையாகவே கலக்க வேண்டும். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் கத்தியைத் துணியால் துடைக்க வேண்டும். இட்ட வர்ணத்தைத் திரும்பத் திரும்பத் தடவலாகாது. பிழைத்தால் சுரண்டிவிட்டு மீண்டும் இடலாம். துணித்திரையினும் உறுதியான பலகை கத்தியின் அழுத்தத்தை நன்கு தாங்கும். தடித்த எண்ணெய் வர்ணம் உலர வாரக்கணக்காகும். பொறுமை குறைந்தோர் விரைவில் உலரும் அக்கிரிலிக்கைக் கொள்ளலாம்.

கடந்த மார்கழியில் மீண்டும் குளக்கட்டுக்குச் சென்றோம். வானுக்குச் சாம்பல் நிறத்தை அகல இழுத்தோம். நீரைக் குறுக்காக நாலைந்து இழுப்புகளில் முடித்தோம். கொக்கு, கத்தியின் விளிம்பு பதித்த ஒரு வெண்கீற்றாயிற்று. அலகு இல்லை, கால் இல்லை. எண்ணிப் பார்க்கப் புல்லும் இல்லை. சற்று நாணத்துடனேயே அதே மாணவரிடம் அதனைக் காட்டினோம்.

அவர் படத்தைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. "மழை வரப்போகுது போல சேர்" என்றார்.

அன்றிரவு நாம் நிம்மதியாக உறங்கினோம்.