வெள்ளம் வடிந்த வீடும் கிணறும்: ஆறப் பொறுத்தால் நட்டம் பாதி

சாத்தான்குளம் வட்டாரம் வானம் பார்த்த பூமி. தேரி மணலும், பனையும், முருங்கையும், ஆழக் கிணறுமாகக் காலம் தள்ளும் சீமை. மழை எப்போது வரும் என்று ஏங்குவதே இங்குள்ள உழவர்களுக்குப் பழக்கம். மழை அதிகமாகிவிட்டால் என்ன செய்வது என்ற யோசனைக்கு இங்கே பெரும்பாலும் வேலை இருந்ததில்லை.

அந்த யோசனை இல்லாமல் தீராது என்று காட்டியது 2023 டிசம்பர் மாதம். குமரிக்கடல் பகுதியில் நிலவிய காற்றுச் சுழற்சியால் 17ஆம் தேதி தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர் எனக் கொட்டித் தீர்த்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்தது அதிகம். தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்ட பெரியவர்கள்கூட இப்படியொரு மழையைப் பார்த்ததில்லை.

மழை கொண்டுபோனதை மீட்க முடியாது. ஆனால் தண்ணீர் வடிந்த பிறகு ஏற்படும் நட்டம் ஒன்று உண்டு. ஈர மோட்டாரை ஓட்டிப் பார்த்துக் காயிலைக் கருக்குவது, கிணற்றை ஒரே நாளில் இறைத்து உள்கட்டைச் சரிய விடுவது, ஈரச் சுவருக்குச் சிமெண்டு பூசிப் பணத்தைப் பாழாக்குவது, கணக்கெடுக்க ஆள் வருமுன் எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிவிட்டு நிவாரணத்தை இழப்பது ஆகியவை எல்லாம் அவசரத்தால் வருபவை. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது சோற்றுக்கு மட்டும் சொன்னதல்ல.

இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு, ஓட்டு வீடு, இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வடிந்ததும் அவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் வேலை மின்சாரம்

வீட்டுக்குள் கால் வைக்கும் முன் மின்சாரத்தைப் பற்றி நினைக்க வேண்டும். மீட்டர் பலகை வரை தண்ணீர் ஏறியிருந்தால் அதை வீட்டார் தொடக்கூடாது. மின்சார அலுவலகத்துக்குச் சொல்லிக் கம்பத்தில் இணைப்பைத் துண்டித்த பின்பே உள்ளே போக வேண்டும். தண்ணீர் மீட்டரை எட்டாமல் இருந்தாலும், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சை அணைத்து, பீஸ் கட்டைகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பம்புசெட் அறைக்கும் இதே விதிதான். அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே மாட்டையும் விடக்கூடாது.

வைக்கோல் படப்பு, விறகுக் குவியல், ஓட்டு இடுக்கு ஆகியவற்றில் பாம்பு ஒதுங்கியிருக்கும். கையை விடுமுன் நீண்ட கம்பால் தட்டிப் பார்ப்பது நல்லது.

அள்ளுமுன் படம் எடுங்கள்

சேற்றை அள்ளும் முன், இருக்கிறபடியே எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு, சரிந்த பகுதி, மூழ்கிய மோட்டார், நனைந்த மூட்டை, சாய்ந்த வாழை, செத்த ஆடு மாடு என ஒன்றையும் விட்டுவிடக் கூடாது. வயலைப் படம் எடுக்கும்போது எல்லைக் கல்லோ, கிணறோ, பக்கத்துப் பனையோ சேர்ந்து தெரிய வேண்டும். எந்தச் சர்வே எண் என்பதைப் பிறகு காட்ட அது உதவும்.

கிராம நிர்வாக அலுவலரிடமும் வேளாண்மை அல்லது தோட்டக்கலை உதவி அலுவலரிடமும் எழுத்து மூலம் தெரிவித்து, ஒரு நகலை வைத்துக்கொள்ள வேண்டும். அடங்கலில் இந்தப் பருவப் பயிர் ஏறியிருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுவது நல்லது. கால்நடை இறந்திருந்தால், கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் வரை புதைக்கக் கூடாது. காது வளையத்தையும் பத்திரப்படுத்த வேண்டும்.

2023 டிசம்பரில் தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தில் 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெல் முதலிய இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய் என்று இருந்தது. ஏக்கர் கணக்கில் இவை ஏறத்தாழ 6,900, 9,100, 3,400 ரூபாய் ஆகும். பசு அல்லது எருமை இறப்புக்கு 37,500 ரூபாயும், ஆடு ஒன்றுக்கு 4,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொரு பேரிடரிலும் தொகை மாறலாம். ஆனால் ஆதாரம் இல்லாதவருக்கு எந்தத் தொகையும் எளிதில் வந்து சேராது.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 14447 என்ற எண்ணில் சொல்லலாம். தங்கள் பயிருக்கும் இந்த வகைச் சேதத்துக்கும் காப்பீடு பொருந்துமா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பட்டா, பத்திரம், வங்கிப் புத்தகம் நனைந்திருந்தால் ஒட்டிய தாள்களைப் பிய்க்கக் கூடாது. இடையிடையே காய்ந்த தாளை வைத்து நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் தாள் சுருண்டு மை கலையும். அழிந்தே போனாலும் அஞ்ச வேண்டியதில்லை. பட்டா, சிட்டா நகல் இ-சேவை மையத்திலும், கிரயப் பத்திரத்தின் சான்றிட்ட நகல் சார் பதிவாளர் அலுவலகத்திலும் கிடைக்கும்.

மண் சுவர் வெயிலில்தான் விழும்

மண் சுவரும், சேற்றுச் சாந்தில் கட்டிய செங்கல் சுவரும் வெள்ளத்தில் நின்றுவிட்டன என்பதால் தப்பின என்று எண்ணக் கூடாது. அடிப்பகுதி ஊறிக் கனத்திருக்கும். இரண்டு மூன்று நாள் வெயில் பட்டதும் வெடித்துச் சாயும் சுவர்கள் பல. ஆகவே சுவரை ஒட்டிப் பாய் விரிக்கவோ, மாட்டைக் கட்டவோ வேண்டாம்.

தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெடிப்பின் இரண்டு முனைகளிலும் கரியால் கோடு போட்டுத் தேதி எழுதி வைக்கலாம். கோட்டைத் தாண்டி வெடிப்பு ஓடினால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து, குடும்பம் வேறிடத்தில் தங்குவதே பாதுகாப்பு. பனங்கைகள் சுவரில் அமரும் முனைகளையும் தட்டிப் பார்க்க வேண்டும். ஈரம் தங்கிக் கறையான் பிடிப்பது அங்கேதான்.

வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை வாய்க்கால் வெட்டி வடிக்க வேண்டும். அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டாமல் சற்று விலகியே வெட்ட வேண்டும். உப்பிய பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரைத் திறந்துவிட்டால் காற்று புகும். மறுபூச்சுக்கு அவசரம் வேண்டாம். ஈரத்தின் மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, பூச்சு ஆண்டு திரும்புமுன் உதிரும். மார்கழியில் நனைந்த சுவரைப் பங்குனி வரை உலர விடலாம். மண் சுவருக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது.

கிணறும் மோட்டாரும்

கலங்கிய கிணற்றை ஒரே மூச்சில் இறைத்துச் சுத்தம் செய்ய எல்லோருக்கும் தோன்றும். அது தவறு. சுற்றியுள்ள மண் முழுவதும் அப்போது நீர் கோத்துக் கனத்திருக்கிறது. கிணற்றுக்குள் நிற்கும் தண்ணீர்தான் உள்கட்டை எதிர்ப்புறமாகத் தாங்குகிறது. அதைத் திடீரென எடுத்துவிட்டால் வெளி மண் உள்ளே தள்ளிக் கட்டுச் சரியும். தேரி ஓரத்து மணற்பாங்கான கிணறுகளுக்கு இந்த ஆபத்து அதிகம். அக்கம் பக்கத்து நிலம் வடிந்த பிறகு, நாளுக்குச் சில அடி வீதம் இறைப்பதே முறை.

தூர் எடுக்க இறங்குவதிலும் எச்சரிக்கை தேவை. அழுகிய குப்பையிலிருந்து விஷவாயு கிளம்பியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனையை மட்டும் நம்ப முடியாது. விளக்கை அணைக்காத விஷவாயுக்களும் உண்டு. தனியாக இறங்கக் கூடாது. இடுப்பில் கயிறு கட்டி, மேலே இழுக்க ஆள் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பது இரண்டு உயிரையும் வாங்கும்.

குடிநீர்க் கிணறாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். சாதாரணக் காலத்தில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதைப்போல் இரண்டு மடங்காவது தேவைப்படும். 10 அடி விட்டமும் 15 அடித் தண்ணீரும் உள்ள கிணற்றில் ஏறத்தாழ 33,000 லிட்டர் இருக்கும். பவுடரை வாளியில் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்து, கிணற்று நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே நீர் எடுக்கலாம். இரவில் இட்டுக் காலையில் எடுப்பது வசதி. சுகாதார ஆய்வாளர் சோதித்துச் சொல்லும் வரை கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

மூழ்கிய மோட்டாரை ஓடுகிறதா என்று போட்டுப் பார்க்கவே கூடாது. காயிலில் ஈரம் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் அந்த நொடியிலேயே கருகிவிடும். பிறகு ரீவைண்டிங் செய்வதைத் தவிர வழியில்லை. இணைப்பைக் கழற்றி, மோட்டாரைப் பிரித்து, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, பல நாள் உலர்த்த வேண்டும். பேரிங்கில் பழைய கிரீசை எடுத்துப் புதிது வைக்க வேண்டும். மெக்கானிக் மெகர் கருவி வைத்துச் சோதித்துக் காயில் சரி என்று சொன்ன பின்பே இணைப்புக் கொடுக்கலாம். முறையாக உலர்த்திய மோட்டார்கள் பல ரீவைண்டிங் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும்.

நீர்மூழ்கி மோட்டார் தண்ணீருக்குள் ஓடுவதற்கென்றே செய்தது. ஆனால் மேலே இருக்கும் ஸ்டார்ட்டர், கண்டென்சர், கேபிள் இணைப்பு ஆகியவை நனைந்திருந்தால் அவற்றையும் கழற்றி உலர்த்திச் சோதிக்க வேண்டும். ஆயில் எஞ்சின் மூழ்கியிருந்தால் ஹாண்டில் போட்டுச் சுற்றக் கூடாது. டீசலையும் எஞ்சின் ஆயிலையும் வடித்து, உள்ளே புகுந்த நீரை மெக்கானிக் வெளியேற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

விதையும் தீவனமும்

நனைந்த விதையை மூட்டையிலேயே விட்டால் சூடேறி முளை கெடும். உடனே நிழலில் மெல்லியதாகப் பரப்பி அடிக்கடி கிளறிவிட வேண்டும். உலர்ந்த பின் 100 விதைகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்துப் பார்க்கலாம். உளுந்து ஒரு வாரத்திலும், நெல் இரண்டு வாரத்திலும் முழுக் கணக்குக் காட்டும். உளுந்தில் 75, நெல்லில் 80 முளைக்காவிட்டால் அதை விதைக்கென்று நம்ப வேண்டாம். ஒரு வாரம் காத்திருப்பது ஒரு பருவத்தை இழப்பதைவிட மேல்.

சாக்கடையோ பூச்சிமருந்தோ கலந்த நீரில் நனைந்த தானியம் மனிதருக்கும் மாட்டுக்கும் ஆகாது. பூசணம் பிடித்த வைக்கோலையும் புண்ணாக்கையும் மாட்டுக்குப் போடக் கூடாது. அதிலுள்ள நஞ்சு பாலிலும் இறங்கும். சேற்றில் வேலை செய்பவர்கள் காலில் புண் இருந்தால் மூடிக்கொள்ள வேண்டும். எலிக்காய்ச்சல் பரவுவது அந்த வழியில்தான். காய்ச்சல் கண்டால் சேற்றில் இறங்கியதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில்

அவசரப்பட வேண்டிய வேலை இங்கே ஒன்று உண்டு. அது வடிகால். முருங்கை வறட்சியைத் தாங்குமே தவிர, வேரில் தேங்கும் நீரைத் தாங்காது. சில நாளில் வேர் அழுகிவிடும். வாழையும் அப்படித்தான். வரிசைக்கு வரிசை வாய்க்கால் எடுத்து நீரை வெளியேற்ற வேண்டும். சாய்ந்த வாழையை நிமிர்த்தி முட்டுக் கொடுத்து மண் அணைக்கலாம். வேரழுகல் தென்பட்டால் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து தூரில் ஊற்றலாம். செடிமுருங்கை முறிந்திருந்தால் 3 அடி உயரத்தில் வெட்டிவிட்டால், வேர் நலமாக இருக்கும் செடி மீண்டும் தழைக்கும். உரமிடுவதைப் புதுத் தளிர் கண்ட பின் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஐப்பசிக்குள்

தாமிரபரணியின் உபரி வெள்ளத்தைக் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து சாத்தான்குளம், திசையன்விளை வறண்ட பகுதிகளுக்குக் கொண்டுவரும் சுமார் 75 கிலோமீட்டர் வெள்ளநீர்க் கால்வாய், 2009ல் வேலை தொடங்கி 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. குளத்துக்குத் தண்ணீர் வருவது நல்ல செய்தி. வரும் தண்ணீர் நிறைந்து வெளியேறும் மறுகாலும், ஓடையும் தூர்ந்து கிடக்காமல் பார்த்துக்கொள்வது ஊராரின் அக்கறையாக வேண்டும்.

ஒவ்வொரு குடும்பமும் ஐப்பசி பிறக்குமுன் செய்யக்கூடியவை சில உண்டு. ஸ்டார்ட்டர் பலகையை 2023ல் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே ஏற்றி வைக்கலாம். விதை மூட்டையைப் பரணில் வைக்கலாம். பட்டாவும் பத்திரமும் பாலித்தீன் உறைக்குள் போட்டுத் தகரப் பெட்டியில் உயரத்தில் இருக்கட்டும். மாட்டை அவிழ்த்து ஓட்டிச்செல்ல வேண்டிய மேட்டு இடம் எது என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, கிள்ளிகுளம் வ.உ.சிதம்பரனார் வேளாண்மைக் கல்லூரியையோ அணுகலாம். கிஸான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.