குட்டிகளை ஈன்ற நாய் ஏன் இறந்தது?

மத்திய இந்தியாவின் சிறு நகரம் ஒன்றில், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வீட்டில், மயிரடர்ந்த சிறிய வெள்ளை நாய் ஒன்று ஐந்து குட்டிகளை ஈன்றது. பிரசவம் எவ்விதத் தொல்லையுமின்றி முடிந்தது. மூன்றாம் நாள் தாயையும் குட்டிகளையும் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் சென்றனர். எல்லாம் நலமாகவே இருப்பதாக மருத்துவர் கூறினார்.

பதினேழாம் நாள் இரவு ஒன்பது மணியளவில் நாய் மூச்சிரைக்கத் தொடங்கிற்று. குட்டிகளை விட்டு எழுந்து அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது, முனகியது, முகத்தைக் காலால் தேய்த்துக்கொண்டது. கோடைப் புழுக்கமே இதற்குக் காரணம் என்றெண்ணிய வீட்டார், தண்ணீர் வைத்துவிட்டு உறங்கச் சென்றனர். விடியற்காலையில் பார்க்கும்போது அதன் கால்கள் விறைத்திருந்தன. உடல் முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. வாயில் நுரையைக் கண்ட அண்டை வீட்டார், வெறி பிடித்துவிட்டது, அருகில் போகவேண்டாம் என்று எச்சரித்தனர். தயக்கத்தில் மேலும் இரண்டு மணி நேரம் கழிந்தது. காலை எட்டு மணிக்கு மருந்தகம் திறந்தவுடன் மருத்துவர் இரத்தநாளத்தின் வழியே ஊசி மருந்து செலுத்தினார். அரை மணி நேரத்திற்குள் நாய் இறந்தது.

அன்று மாலையே வீட்டுத் தோட்டத்தில் அதைப் புதைத்தனர். ஆசிரியரின் மகள் கேட்டது ஒரே கேள்வி: "உயிரோடுதானே கொண்டுபோனோம்? ஊசி போட்ட பிறகுதானே இறந்தது?"

இக்கேள்வி மிகவும் இயல்பானது. இதனைக் கேட்பவரை நன்றியற்றவர் என்றோ, அறியாதவர் என்றோ ஒதுக்குதல் தகாது. ஆனால் ஒன்றன் பின் ஒன்று நிகழ்ந்தது என்பதனால் மட்டும், முன்னது பின்னதற்குக் காரணம் என்று ஆகிவிடாது. காரணத்தை அறிய நோயின் இயல்பையும், மருந்தின் இயல்பையும், கழிந்த நேரத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பாலூட்டும் தாய்க்கு வரும் இழுப்பு

மேற்கூறிய அறிகுறிகள் அனைத்தும், பாலூட்டும் நாய்களுக்கு இரத்தத்தில் கால்சியம் குறைவதனால் உண்டாகும் இழுப்பு நோயைக் காட்டுகின்றன. எக்லாம்ப்சியா என்பது இதன் மருத்துவப் பெயர். சிறிய இன நாய்கள் பல குட்டிகளை ஈன்றிருக்கும்போது, ஈன்ற முதல் நான்கு வாரங்களுக்குள் இது பெரும்பாலும் தோன்றுகிறது. நாயின் இரத்தநீரில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 9 முதல் 11 மில்லிகிராம் வரை கால்சியம் இருப்பது இயல்பு. இது 7 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கும்போது நரம்புகள் கட்டுப்பாடின்றித் தூண்டப்பட்டுத் தசைகள் இழுத்துக்கொள்கின்றன. தசைகள் ஓயாமல் இயங்குவதனால் உடல் வெப்பமும் ஏறுகிறது. நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39.2 டிகிரி சென்டிகிரேடு வரை. இந்நோயிலோ அது 41 டிகிரிக்கு மேலும் செல்லக்கூடும். சிகிச்சை கிட்டாவிடின் சில மணி நேரத்தில் உயிர் பிரியும்.

மாடுகளுக்கு வரும் பால் ஜுரத்தைக் களப்பணியாளர் நன்கறிவர். அதற்கும் கால்சியக் குறைவே காரணம். ஆயினும் பசு தளர்ந்து படுத்துவிடும். அதன் உடல் குளிர்ந்திருக்கும். நாயோ விறைத்து, நடுங்கி, கொதிக்கும். இந்த வேற்றுமையை அறியாதவர் நாய்க்கு வந்திருப்பது அதே குறைபாடு என்பதை எளிதில் உணரமாட்டார். வெறிநோய், நஞ்சு, காக்கைவலிப்பு என்று பலவாறாக ஐயுறுவதும் இதனாலேயே. குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் நாய் மூச்சிரைத்து நிலைகொள்ளாமல் அலைந்தால் முதலில் நினைவுக்கு வரவேண்டியது இந்நோய்தான். ஆயினும் வெறிநோய் பற்றிய எச்சரிக்கையைக் கைவிடலாகாது. நாயின் வாயருகே கையைக் கொண்டுபோகாமல், கூடையிலோ பெட்டியிலோ வைத்து எடுத்துச் செல்லவேண்டும். கடியோ கீறலோ பட்டால் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

உயிர் காக்கும் ஊசியில் உள்ள ஆபத்து

இந்நோய்க்கு மருந்து கால்சியம் குளுகோனேட் கரைசல். அதனை இரத்தநாளத்தின் வழியே மெதுவாகச் செலுத்தவேண்டும். செலுத்தும்போதே இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். துடிப்பு மந்தமாகவோ ஒழுங்கின்றியோ ஆனால் மருந்தை நிறுத்தவேண்டும். விரைந்து செலுத்தினால் இதயமே நின்றுவிடலாம். உரிய காலத்தில் உரிய முறையில் செலுத்தினாலோ, துடித்துக்கொண்டிருந்த நாய் சிறிது நேரத்தில் எழுந்து நிற்பதையும் காணலாம்.

ஆகவே சிறுமியின் கேள்வி பொருளற்றதன்று. மருந்து தராவிடில் மரணம். தவறாகத் தந்தாலும் மரணம். தாமதமாகத் தந்தால், சரியாகத் தந்தும் பயனில்லாமற் போகலாம். இம்மூன்றில் நிகழ்ந்தது எது என்பதே அறியவேண்டியது.

இரண்டு நாட்களுக்குப் பின் ஆசிரியர் மருந்தகத்திற்குச் சென்றார். மருத்துவர் அவரை அமரச் செய்து, நோய்க் குறிப்பேட்டைத் திறந்து காட்டினார். வந்தபோது வெப்பநிலை 106 டிகிரி பாரன்ஹீட் என்றும், மருந்தின் பெயரும் அளவும் இன்னவை என்றும் அதில் எழுதப்பட்டிருந்தன. மருந்து செலுத்த எத்தனை நிமிடங்கள் ஆயின என்பது எழுதப்படவில்லை. மெதுவாகவே செலுத்தியதாக மருத்துவர் சொன்னார். அதனை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ சான்று இல்லை. உடல் பிணப்பரிசோதனைக்கு உட்படாமலே புதைக்கப்பட்டுவிட்டது.

பின்னர் மருத்துவர் கேள்விகள் கேட்டார். மூச்சிரைப்பு எப்போது தொடங்கிற்று? இரவு ஒன்பது மணிக்கு. சினையாயிருந்தபோது ஏதேனும் மருந்து கொடுக்கப்பட்டதா? ஆம், கடைக்காரர் சொற்படி கால்சியம் மருந்து நாள்தோறும் கொடுக்கப்பட்டது. வீட்டார் அன்புடன் செய்த இச்செயலே கேடாக முடிந்திருக்கலாம். எலும்பில் உள்ள கால்சியத்தை இரத்தத்திற்குக் கொண்டுவரும் பணியைப் பாராதைராய்டு சுரப்பிகள் செய்கின்றன. சினைக் காலத்தில் கால்சியத்தை அளவுக்குமேல் ஊட்டினால் அச்சுரப்பிகள் வேலையின்றி மந்தமடைகின்றன. பால் பெருகும் காலத்தில் திடீரெனத் தேவை உயரும்போது அவை விரைந்து இயங்குவதில்லை. சமநிலையான நல்ல உணவே சினை நாய்க்குப் போதுமானது.

இறுதியில் மருத்துவர் ஒன்றை ஒப்புக்கொண்டார். மூன்றாம் நாள் நாயைப் பார்த்தபோதே இந்நோயின் அறிகுறிகளை வீட்டாருக்குச் சொல்லியிருக்கவேண்டும், அவர் சொல்லவில்லை. அன்று இரண்டு நிமிடம் பேசியிருந்தால், இரவின் பதினோரு மணி நேரம் வீணாகியிராது.

முதல் வாரத்தின் ஆபத்துகள்

தாய் நாயின் உயிரைக் கவரும் காரணங்கள் வேறு சிலவும் உண்டு. அவை பெரும்பாலும் பிரசவத்தின்போதோ அதையடுத்த முதல் வாரத்திலோ தலைகாட்டும். நாயின் சினைக் காலம் ஏறக்குறைய 63 நாட்கள். பலமாக முக்கியும் அரை மணி நேரத்தில் குட்டி வெளிவராவிட்டாலும், வயிற்றில் இன்னும் குட்டிகள் இருக்க இரண்டு மணி நேரத்திற்கு மேல் அடுத்த குட்டி பிறக்காவிட்டாலும், முதற் குட்டி பிறக்குமுன்பே கரும்பச்சை நிறக் கசிவு தோன்றினாலும் மருத்துவரை அழைக்கவேண்டும். வலியைத் தூண்டும் ஆக்ஸிடாஸின் ஊசியை, வழியில் குட்டி அடைபட்டிருக்கிறதா என்று பாராமல் போடுதல் கூடாது, கருப்பையே கிழிந்துவிடலாம்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நச்சுக்கொடி உண்டு. அவற்றை எண்ணிக்கொள்ளுதல் நலம். தாய் சிலவற்றைத் தின்றுவிடக்கூடுமாதலால், அதையும் கவனிக்கவேண்டும். ஈன்றபின் சில வாரங்கள்வரை, வரவரக் குறைந்துவரும் நாற்றமற்ற கசிவு இயல்பானதே. அது துர்நாற்றத்துடன் சீழ்போல் வந்து, காய்ச்சல் 39.5 டிகிரிக்கு மேற்பட்டு, தாய் உணவை மறுத்துக் குட்டிகளையும் புறக்கணித்தால் கருப்பையில் நோய்த்தொற்று உண்டாகியிருக்கிறது என்று அறியலாம். தாமதித்தால் நச்சு இரத்தத்தில் கலந்து மரணம் நேரும். ஓயாத இரத்தப்போக்கும் அவ்வாறே அவசரமானது.

மனிதத் தாய்மாரைப் பற்றி இத்தகைய கேள்வியை எழுப்பியவர் வரலாற்றில் இடம்பெற்ற மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். வியன்னாவின் பெரிய மருத்துவமனையில் இரு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில், மருத்துவச்சிகள் பயின்ற பிரிவைவிட அதிகமான தாய்மார் பிரசவ ஜுரத்தால் இறந்தனர். பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்ததே காரணம் என்று அவர் கண்டார். 1847ஆம் ஆண்டில் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவும்படி செய்தவுடன் மரணங்கள் பெரிதும் குறைந்தன. அவர் தம் தொழிலாளரையே கேள்வி கேட்டார். ஆனால் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். அதனாலேயே அக்கேள்வி உயிர்களைக் காத்தது.

எழுதி வைப்பதன் பயன்

வீட்டாரும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஈன்ற நாள், ஒவ்வொரு குட்டியும் பிறந்த நேரம், நச்சுக்கொடிகளின் எண்ணிக்கை, தாயின் காலை மாலை வெப்பநிலை, உணவு, கசிவின் நிறம், குட்டிகளின் எடை ஆகியவற்றை எழுத ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். மருத்துவரிடம் கேட்கவேண்டியவையும் சிலவே. என்ன நோய் என்று கருதுகிறீர்கள்? கொடுக்கும் மருந்து எது, எவ்வளவு? எந்த அறிகுறி கண்டால் உடனே திரும்ப வரவேண்டும்? இரவில் யாரை நாடுவது? இவற்றைச் சிகிச்சையின்போதே கேட்டால் உயிர் காக்க உதவும். மரணத்திற்குப் பின் கேட்டால் அடுத்த உயிரைக் காக்கவே உதவும்.

பல மாநிலங்களில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைப்பதற்கு 1962 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண் உள்ளது. அது இயங்கும் நேரத்தையும், நாய்களுக்கு உதவி கிட்டுமா என்பதையும் களப்பணியாளர் தத்தம் வட்டாரத்தில் முன்னரே கேட்டறிந்து மக்களுக்குச் சொல்லவேண்டும். உதவி வரும்வரை குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, தாயைக் குளிர்ந்த அமைதியான இடத்தில் வைக்கவேண்டும். இழுப்பு வந்துள்ள நாயின் வாயில் எதனையும் ஊற்றலாகாது.

மரணத்தில் ஐயம் தோன்றினால் உடலைப் புதைக்காமல், உறைய விடாது குளிர்ச்சியாக வைத்து, கூடிய விரைவில் பிணப்பரிசோதனைக்குக் கொடுக்கவேண்டும். நோய்க் குறிப்பின் நகலையும் கேட்டுப் பெறலாம். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, கால்நடை மருத்துவம் செய்வோர் பதிவேட்டில் பெயர் பதிந்தவராயிருக்கவேண்டும். சிகிச்சையில் கவனக்குறைவு இருந்ததாகக் கருதுவோர் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்திடம் முறையிடலாம். நேர்மையாகப் பணிபுரிந்த மருத்துவருக்கும் பரிசோதனையும் குறிப்பேடுமே பாதுகாப்பு.

தாயற்ற குட்டிகள்

ஆசிரியர் வீட்டில் ஐந்து குட்டிகள் எஞ்சியிருந்தன. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலில் உள்ளதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. ஆகவே வெறும் பசும்பால் குட்டிகளுக்குப் போதாது. நாய்க்குட்டிகளுக்கென விற்கப்படும் பால்மாவை மருத்துவர் எழுதித் தந்தார். குட்டியை மல்லாத்திப் பாலூட்டலாகாது. பால் நுரையீரலுக்குச் செல்லும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டியை முதலில் சூடாக்கிய பின்னரே ஊட்டவேண்டும். முதல் மூன்று வாரங்கள், ஊட்டியபின் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துச் சிறுநீரும் மலமும் கழியச் செய்யவேண்டும்; தாய் நாவால் நக்கிச் செய்யும் வேலை அது.

ஆசிரியரின் மகள் நான்கு மணி நேரத்திற்கொருமுறை பாலூட்டி, நாள்தோறும் கடைத் தராசில் நிறுத்து, எடையை நோட்டில் எழுதினாள். நான்கு குட்டிகள் பிழைத்தன. தாய் ஏன் இறந்தது என்ற அவளுடைய கேள்விக்கு முழுமையான விடை கிடைக்கவில்லை, இனிக் கிடைக்கப்போவதுமில்லை. வீட்டிலேயே வைத்துக்கொண்ட பெண்குட்டிக்கென அவள் தனியாக ஒரு நோட்டுத் தொடங்கியிருக்கிறாள். அதன் முதற் பக்கத்தில் மருத்துவரின் தொலைபேசி எண்ணும், மூச்சிரைப்பு, நடுக்கம், விறைப்பு என்னும் மூன்று சொற்களும் எழுதப்பட்டுள்ளன.

அம்மருந்தகத்தில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. குட்டிகளுடன் வரும் ஒவ்வொரு தாய் நாயின் சொந்தக்காரருக்கும் அதே மூன்று சொற்களை மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார்.