கண்ணுக்குத் தெரியாத நோயும் முப்பது மீட்டர் தொலைவும்

நரம்பியல் புறநோயாளர் பிரிவுக்கு வருவோரில் பலரை வெளித்தோற்றத்தைக் கொண்டு நோயாளி என்று கூற இயலாது. கையில் தடி இராது. சக்கர நாற்காலி இராது. நடையிலோ பேச்சிலோ குறை தென்படாது. இவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கும்போது, “நன்றாகத்தானே நடக்கிறீர்கள், இந்த இடம் உங்களுக்கு எதற்கு?” என்ற கேள்வி எழுகிறது. கேட்பவர் சில நேரம் காவலாளி. சில நேரம் அடுத்த காரில் வந்தவர். இக்கேள்விக்கு அஞ்சித் தொலைவில் காரை நிறுத்தி, வெயிலில் நடந்து வந்து, மருத்துவரைக் காணும் முன்பே தளர்ந்துவிடும் நோயாளிகளை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். சிலர் அந்த நடைக்கு அஞ்சியே மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுகின்றனர். ஆகவே அக்கேள்விக்கு மருத்துவமும் சட்டமும் தரும் விடையை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நடக்க முடிவது வேறு, எவ்வளவு தொலைவு என்பது வேறு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற உறை உள்ளது. மின்கம்பியின் மேலுறை போன்றது அது. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே தவறுதலாக இவ்வுறையைத் தாக்குவதால் இந்நோய் உண்டாகிறது. உறை சிதைந்த நரம்பு, ஓய்வு நிலையில் செய்திகளை ஓரளவு கடத்திவிடும். தொடர்ந்து உழைக்கும்போதோ உடல்வெப்பம் கூடும்போதோ அது தடுமாறுகிறது. அரை டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் உயர்ந்தாலே சிலருக்குக் கால்கள் கனக்கும், பார்வை மங்கும். உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்டாஃப் 1890ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இந்நிலை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உடல் குளிர்ந்ததும் இக்குறிகள் பெரும்பாலும் நீங்கிவிடும். எனினும், கத்திரி வெயிலில் திறந்தவெளி நிறுத்துமிடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடப்பது இவர்களுக்கு என்ன செய்யும் என்பதை இதிலிருந்து உணரலாம்.

இந்நோயின் கடுமையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் அளவுகோல், அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் விரிவாக்கி வெளியிட்டது. அதன் நடுப்பகுதி முழுவதும் நடக்கும் தொலைவையே பெரிதும் அடிப்படையாகக் கொண்டது. துணையோ ஓய்வோ இன்றி ஏறத்தாழ 500 மீட்டர் நடக்க முடிந்தால் மதிப்பெண் 4. 200 மீட்டர் எனில் 5. 100 மீட்டர் எனில் 5.5, அந்த 100 மீட்டருக்கே ஒரு கைத்தடியோ ஒருவரின் துணையோ தேவைப்பட்டால் 6. மதிப்பெண் 4 உள்ளவரும் 5.5 உள்ளவரும் காரிலிருந்து இறங்கி முதல் ஐம்பது மீட்டரைக் கடக்கும்போது, பார்ப்பவருக்கு இருவரிடையே வேறுபாடு தெரியாமல் போகலாம். காவலாளி காண்பது அந்த ஐம்பது மீட்டரை மட்டுமே.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. வரும்போது நடப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். திரும்பும்போது நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. பதிவு, குருதிப் பரிசோதனை, ஸ்கேன், மருந்தகம் என்று மூன்று மணி நேரம் சென்றபின் காருக்குத் திரும்பும் நடைதான் பலருக்கும் கடினமானது. நிறுத்துமிடத்தைத் தெரிவு செய்யும்போது, காலையில் இருக்கும் வலிமையைக் கணக்கிடாமல், திரும்பும் வேளையில் எஞ்சியிருக்கும் வலிமையைக் கணக்கிடுங்கள்.

இதே இயல்புடைய நோய்கள் வேறும் உள்ளன. மயஸ்தீனியா கிராவிஸ் நோயில் தசை இயங்க இயங்கத் தளரும். காலையில் நலமாக இருப்பவர் மாலையில் இமையைத் தூக்கவும் சிரமப்படுவார். பார்க்கின்சன் நோயில் மருந்து வேலை செய்யும் நேரத்தில் இயல்பாக நடப்பவர், அதன் வீரியம் குறையும் நேரத்தில் அடியெடுத்து வைக்க இயலாமல் உறைந்து நிற்பார். முடக்குவாதத்தில் காலைநேர மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர் அமர்ந்திருக்கையில் நலமாகவே தோன்றுவார். சரிவுப் பாதையில் ஏறும்போதுதான் மூச்சிரைக்கும்.

சட்டம் யாரைக் குறிக்கிறது?

ஒதுக்கப்பட்ட இடங்களில் நாம் காணும் சக்கர நாற்காலிச் சின்னம், டென்மார்க்கைச் சேர்ந்த சூசன் கோஃபோட் 1968இல் வடிவமைத்த ஓவியத்திலிருந்து உருவானது. அச்சின்னம் உலகெங்கும் பரவியதால், அது சக்கர நாற்காலியில் வருவோருக்கு மட்டுமே உரியது என்ற எண்ணமும் உடன் பரவிவிட்டது. நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, கடந்த 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சூழலில் உள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் பிறரோடு சமமாகப் பங்கேற்பதைத் தடுக்குமானால் அவரை மாற்றுத்திறனாளி என்று இச்சட்டம் கொள்கிறது. இதன் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன் நோய், பிற நாள்பட்ட நரம்பியல் நோய்கள், ஹீமோஃபிலியா, தலசீமியா, அரிவாளணு நோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றுள் பல, வெளியே தெரியாதவை. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்றளிக்கப்பட்டால், சட்டம் வரையறுத்த பல சலுகைகளுக்குத் தகுதி கிடைக்கிறது.

இங்கிலாந்தில் ‘புளூ பேட்ஜ்’ என்ற தனி நிறுத்துமிட அட்டை உண்டு. கண்ணுக்குத் தெரியாத குறைபாடுகளையும் தெளிவாக உள்ளடக்கும் வகையில் 2019 ஆகஸ்ட் 30 முதல் அதன் தகுதி விதிகள் விரிவாக்கப்பட்டன. நம் நாட்டில் நாடு முழுமைக்குமான அத்தகைய நிறுத்துமிட அட்டை இல்லை. இங்கு கையில் இருக்க வேண்டிய சான்று, மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையே. 2024ஆம் ஆண்டின் விதித்திருத்தப்படி, 40 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்புக்கு வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் எனில் நீலம் என்று அட்டைக்கு நிறம் உண்டு. கடையில் வாங்கிக் கண்ணாடியில் ஒட்டும் சின்னம் காவலாளிக்கு ஓர் அறிவிப்பாகப் பயன்படலாமே தவிர, அதுவே உரிமைச் சான்று ஆகாது.

சான்று பெறும் வழி

ஸ்வாவலம்பன் இணையதளத்தில் ஆதார், ஒளிப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கலாம். இணைய வசதி இல்லாதோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடலாம். பாதிப்பின் அளவை உறுதி செய்பவர்கள், அரசு அறிவித்த சான்றளிக்கும் மருத்துவர்கள். உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர் அவ்வாறு அறிவிக்கப்பட்டவராக இல்லையெனில் அச்சான்றை வழங்க இயலாது. ஆனால் அவர் தரும் அறிக்கை அம்மதிப்பீட்டுக்குப் பெரிதும் துணைபுரியும்.

வெளியே தெரியாத நோயுள்ளோர் மதிப்பீட்டு நாளில் ஒரு தவறு செய்வதுண்டு. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால், “பரவாயில்லை” என்பார்கள். நம் பண்பாட்டில் அது மரியாதையான விடை. மதிப்பீட்டுக்கு அது உதவாத விடை. எனவே முன்னதாக இரண்டு வாரங்களுக்கு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்: எவ்வளவு தொலைவு நடந்தபின் நிற்க வேண்டியிருந்தது, எந்த நேரத்தில், எத்தனை நிமிடம் ஓய்வு தேவைப்பட்டது, அன்று வெயில் எப்படி, தடுமாறி விழுந்ததுண்டா. நல்ல நாளையும் மோசமான நாளையும் ஒருசேரப் பதிவு செய்யுங்கள். நோய்நிலை மாறக்கூடியது என்று கருதப்பட்டால் காலவரையுள்ள சான்றே கிடைக்கும். அதன் முடிவு நாளைக் குறித்துவைத்து, முன்கூட்டியே புதுப்பியுங்கள்.

அட்டவணையில் இல்லாத நோய்கள்

இதய, நுரையீரல் நோய்கள் இவ்வட்டவணையில் தனியே இடம்பெறவில்லை. முடக்குவாதமும் பெயரளவில் இல்லை. மூட்டுகள் சேதமுற்று இயக்கம் குறைந்திருந்தால் கை, கால் இயக்கக் குறைபாடு என்ற வகையில் மதிப்பீடு கோரலாம். அட்டை பெற வழியில்லாதோர், வாயில் முகப்பில் இறங்கிக்கொண்டு, உடன் வருபவர் காரைத் தொலைவில் நிறுத்தும் முறையைப் பின்பற்றலாம். அங்கேயே சக்கர நாற்காலியைக் கேட்டுப் பெறத் தயங்க வேண்டாம். நடக்கத் தெரிந்தவர் சக்கர நாற்காலியில் அமர்வது ஏமாற்று அன்று. மருத்துவரின் அறை வரை வலிமையைச் சேமிக்கும் வழி.

காரும் ஓட்டுதலும்

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடம் வாயிலிலிருந்து 30 மீட்டருக்குள் அமைய வேண்டும் என்றும், அதன் அகலம் குறைந்தது 3.6 மீட்டர் இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. தொலைவைப் போலவே அகலமும் தேவையானது. கதவை முழுதும் திறந்து, இரு கால்களையும் வெளியே வைத்து, பிறகு எழுவதே விறைத்த மூட்டும் தளர்ந்த தசையும் உள்ளோருக்குப் பாதுகாப்பான முறை. இருபுறமும் கார்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் இது இயலாது.

காரில் செய்யக்கூடிய எளிய மாற்றங்கள் சில உண்டு. மிகத் தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது கடினம். உறுதியான மெத்தை வைத்து உயர்த்தலாம். சுழலும் வட்ட மெத்தை, திரும்பி இறங்க உதவும். வெப்பத்தால் குறிகள் கூடும் நோயாளி ஏறும் முன்பே ஏசியை இயக்கிக் காரைக் குளிர்விக்கலாம். குளிர்ந்த நீர் கையில் இருக்கட்டும்.

நோயாளியே ஓட்டுவதாயின் கூடுதல் கவனம் தேவை. பார்வை மங்கும்போதும், இரட்டையாகத் தெரியும்போதும், நோய் புதிதாகத் தீவிரமடைந்திருக்கும்போதும் ஓட்டக் கூடாது. வலப்பாதம் மரத்திருந்தால் பிரேக்கை மிதித்த அளவு தெரியாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார், கையால் இயக்கும் பிரேக், ஆக்ஸிலரேட்டர் ஆகியவை பலருக்கு ஏற்றவை. ஆனால் இவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதலோடு பொருத்திப் பதிவுச் சான்றிலும் குறிக்கச் செய்ய வேண்டும். 2020 அக்டோபரில் வந்த விதித்திருத்தத்தின்படி, வாகனப் பதிவுப் படிவத்தில் உரிமையாளர் மாற்றுத்திறனாளி என்று குறிப்பிடவும் இடம் உண்டு.

கேள்வி எழும்போது

நோயின் பெயரையும் வரலாற்றையும் நிறுத்துமிடத்தில் விளக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அட்டையைக் காட்டி, “எனக்கு நரம்பு நோய், அதிக தூரம் நடக்க முடியாது” என்று கூறினால் போதும். அதற்கு மேலும் வாதம் நீண்டால் நிறுவன மேலாளரை அழையுங்கள். பொதுவிடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்குடன் வேண்டுமென்றே அவமதிப்பதோ மிரட்டுவதோ, இச்சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். உரிமை மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம்.

இவ்வுரிமைக்கு ஒரு பொறுப்பும் உண்டு. தகுதியற்றவர் பொய்யாகச் சலுகை பெறுவது 91ஆம் பிரிவின்படி இரண்டாண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ உரியது. நோயாளி காரில் இல்லாதபோது, அவரது அட்டையைக் கொண்டு மகனோ மருமகளோ அவ்விடத்தைப் பயன்படுத்துவது முறையன்று. நோயாளியை வாயிலில் இறக்கிவிட்டு, உடன் வந்தவர் நலமாகக் காரை நகர்த்த முடியுமெனில், அவ்விடத்தைத் தனியே ஓட்டி வரும் மற்றொருவருக்கு விட்டுக்கொடுங்கள்.

உடன் வருவோருக்கும் ஒரு வேண்டுகோள். “இன்று நன்றாகத்தானே இருக்கிறாய், சற்று நடந்தால் என்ன?” என்ற சொல், அந்நியர் கேட்கும் கேள்வியைவிட ஆழமாகத் தைக்கிறது. நோயாளிக்கு நடைப்பயிற்சி தேவைதான். அதன் நேரத்தையும் அளவையும் இயன்முறை மருத்துவர் வகுத்துத் தருவார். மருத்துவமனைக்கு வரும் நாளின் நண்பகல் வெயில் அதற்குரிய நேரம் அன்று. அடுத்த முறை வரும்போது மேலே கூறிய இரண்டு வாரக் குறிப்பைக் கொண்டுவாருங்கள். அதில் உள்ள தொலைவுகளைப் பரிசோதித்து, மதிப்பீட்டுக்கு வேண்டிய மருத்துவ அறிக்கையை எழுதித் தருகிறோம்.