கல்லாவுக்கு மேலே தொங்கும் படம்: கல்லச்சா, ஆப்செட்டா?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பக்கத்துப் பழைய கடைகள் சிலவற்றில், கல்லாவுக்கு மேலே புகை படிந்த லட்சுமி படம் ஒன்று இன்னும் தொங்குவதைப் பார்க்கலாம். தாத்தா காலத்தில் மாட்டிய படம். வெள்ளிதோறும் சாம்பிராணிப் புகை பட்டுப் பட்டுக் கண்ணாடியே மங்கியிருக்கும். கடையைப் புதுப்பிக்கும்போது முதலில் கழற்றி மூலையில் வைக்கப்படுவதும் அதுதான்.

எங்கள் புளி மண்டியில் அப்படி ஒரு சரஸ்வதி படம் இருந்தது. 2011-இல் சுவருக்கு டைல்ஸ் ஒட்டியபோது, பழைய சாமான் வாங்க வந்த ஒருவர் அதைக் கேட்டார். பளபளப்பான புதுப் படம் ஒன்றும் கையில் 200 ரூபாயும் கொடுத்தார். இலாபம் என்றே நினைத்தேன். படத்தின் அடி ஓரத்தில் 'ரவி வர்மா பிரஸ், கார்லா, லோனாவ்லா' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது நினைவிருக்கிறது. அதன் பொருள் பிறகுதான் தெரிந்தது.

ஓவியர் ராஜா ரவி வர்மா (1848–1906) 1894-இல் பம்பாய் கிர்காமில் ஓர் அச்சகம் தொடங்கினார். இயந்திரமும் தொழில் தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தனர். அரண்மனையில் மட்டும் இருந்த எண்ணெய் ஓவியத்தைச் சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் கொண்டுவந்தது அந்த அச்சகம்தான். ஆனால் வியாபாரமாக அது அவருக்குக் கை கொடுக்கவில்லை. அச்சகம் லோனாவ்லா அருகே மாளவ்லிக்கு மாறியது. கடன் தாளாமல் சில ஆண்டுகளிலேயே ஃபிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரிடம் விற்கப்பட்டது. படம் வரைந்தவரைவிட அச்சடித்தவரே அதைத் தொழிலாக நிலைநிறுத்தினார் என்பது வியாபாரிகளாகிய நமக்குப் புரியாத விஷயமல்ல. 1972-இல் தீ விபத்தில் அச்சகம் எரிந்து போயிற்று.

இப்படங்கள் கல்லச்சில் வந்தவை. பவேரியாவைச் சேர்ந்த செனஃபெல்டர் என்பவர் 1790-களின் இறுதியில் கண்டுபிடித்த முறை இது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்தால், எழுதாத இடம் மையை ஏற்காது. எழுதிய இடம் ஏற்கும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். பத்து நிறம் வேண்டுமானால் பத்துக் கல்லில் தனித்தனியே கையால் வரைந்து, அதே தாளைப் பத்து முறை ஓட்ட வேண்டும்.

பாரிஸ் நகரில் ஷெரே, துலூஸ் லோத்ரெக் போன்றவர்கள் இதே முறையில் நாடகக் கொட்டகைக்கும் மதுவுக்கும் விளம்பரச் சுவரொட்டி வரைந்தனர். லோத்ரெக் 1891-இல் 'மூலான் ரூஜ்' அரங்குக்கு வரைந்தது உலகப் புகழ் பெற்றது. சுவரில் ஒட்டியதை ஈரம் காயுமுன் உரித்துச் செல்லும் அளவுக்கு ஆசை பெருகவே, அங்கே ஓர் அச்சகம் அந்தச் சுவரொட்டிகளைச் சிறிய அளவில் மீண்டும் கல்லச்சில் அடித்து, 1895 முதல் 1900 வரை மாதச் சந்தாவுக்கு அனுப்பியது. மொத்தம் 256 படங்கள். மறு அச்சுதான்; ஆயினும் இன்று அவையே சேகரிப்பவர்கள் தேடும் சரக்கு. ஆகவே மறு அச்சு என்பதாலேயே ஒரு படம் மட்டமாகிவிடாது. ரவி வர்மா படமும் ஓவியத்தின் மறு அச்சுதானே! எப்போது அடித்தது, எந்த முறையில் அடித்தது, விற்பவர் உண்மையைச் சொல்கிறாரா என்பவையே கேள்வி.

கண்டுபிடிக்க வழி நம் கடைவீதியிலேயே இருக்கிறது. ஜவுளிக் கடைக்காரரிடம் நூல் எண்ணும் லென்ஸ் இருக்கும். நகைக் கடையில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் இருக்கும். முகத்தின் நிழல் பகுதியில் வைத்துப் பாருங்கள். கல்லச்சில் புள்ளிகள் பெரிதும் சிறிதுமாக, கையால் வைத்தது போல ஒழுங்கின்றி இருக்கும். ஆப்செட்டில் நான்கு நிறப் புள்ளிகள் பூ வடிவத்தில் வரிசை தப்பாமல் நிற்கும். கம்ப்யூட்டர் இங்க்ஜெட்டில் தூவானம் போல் தெரியும். அடி ஓர எழுத்தையும் பாருங்கள். பழையதில் எழுத்து ஒரே மையில் அழுத்தமாக இருக்கும். பழையதைப் புகைப்படம் எடுத்து அடித்ததில் எழுத்தும் பெரும்பாலும் புள்ளி புள்ளியாக உடைந்திருக்கும். தாள் பழுப்பாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்; தேயிலைத் தண்ணீரே போதும், பழுப்பாக்க.

நம் பக்கத்துச் சரக்கும் உண்டு. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடார், சண்முக நாடார் இருவரால் சிவகாசியில் தீப்பெட்டியும், அதன் லேபிளுக்காக அச்சுத் தொழிலும் வளர்ந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த தெய்வப் படங்கள் காலண்டர்களாக ஊரெங்கும் பரவின. நாம் ஒகேனக்கல்லில் நீராடும் ஆடிப் பதினெட்டன்றுதான் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பம் வெளியாகும். கொண்டைய ராஜு படம் போட்ட பழைய காலண்டர் கிடைத்தால் எறிய வேண்டாம். மான்செஸ்டர் துணி பேல்களில் ஒட்டி வந்த 'டிக்கெட்' என்னும் வண்ணச் சீட்டுகளும் அப்படியே. பெங்களூர் கஸ்தூர்பா சாலையில் 2023-இல் திறந்த கலை, ஒளிப்பட அருங்காட்சியகம் இத்தகைய சீட்டுகளையும் சேகரித்து வைத்திருக்கிறது.

வைத்திருப்பவர்கள் லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. பின்பக்கம் பிளைவுட் வைத்தால் தாளில் கறை ஏறும். அமிலம் இல்லாத அட்டை வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடைவெளி விட வேண்டும். விளக்குப் புகையும் வெயிலும் படாத சுவர் நல்லது.

சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பழைய அச்சுப் படமும் இதில் அடங்கக்கூடும் என்பதால், வெளிநாட்டு ஆள் என்று சொல்லிக் கேட்பவரிடம் கவனம் தேவை.

சென்ற ஆண்டு வெளியூர்க் கடை ஒன்றில் எங்கள் மண்டிச் சரஸ்வதியைப் போலவே ஒன்றைப் பார்த்தேன். 'ஒரிஜினல்' என்று 6,000 ரூபாய் சொன்னார்கள். லென்ஸை வைத்தேன், வீணையெல்லாம் பூப்பூவாகப் புள்ளி. வந்துவிட்டேன். பிறகு வேறொரு கடைக்காரர் மறு அச்சு என்று சொல்லியே 250 ரூபாய்க்குத் தந்தார். பில்லிலும் அப்படியே எழுதியிருந்தார். அதுதான் இப்போது எங்கள் கல்லாவுக்கு மேலே இருக்கிறது.