கட்டி இருந்தால் கர்ப்பப்பையே போகவேண்டுமா?

"பிள்ளை பெற்றாயிற்று, இனி அது எதற்கு? எடுத்துவிடலாம்." ஸ்கேனில் ஃபைப்ராய்டு என்று வந்ததும் நாற்பது வயதுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் மட்டுமல்ல, வீட்டிலும் கிடைக்கும் தீர்ப்பு இது. பல சமயம் அவசரத் தீர்ப்பு.

ஃபைப்ராய்டு, கர்ப்பப்பையின் தசையில் வளரும் கட்டி. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றாவது வந்துவிடுகிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. புற்றுநோயாக இருப்பது மிக அரிது. மாதவிலக்கு நின்றபின் பெரும்பாலும் தானே சுருங்கும். தொந்தரவு தராத கட்டியை, ரிப்போர்ட்டில் சென்டிமீட்டர் கணக்கைப் பார்த்துப் பயந்து அறுக்க வேண்டியதில்லை.

அளவைவிட இடம்தான் முக்கியம். உள்ளறைக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி உதிரத்தைக் கொட்டவைத்து ஹீமோகுளோபினை 7-க்கு இறக்கிவிடும். வெளிப்புறம் தொங்கும் 5 செ.மீ. கட்டி சும்மா கிடக்கும். உள்ளறைக் கட்டியை வயிற்றில் கத்தி படாமலே, யோனி வழியாகக் கேமரா செலுத்தி ஹிஸ்டரோஸ்கோபியில் எடுக்கலாம். சுவரில் பதிந்ததை லேப்ராஸ்கோப்பியிலோ வயிற்றைத் திறந்தோ எடுக்கலாம். கர்ப்பப்பை தங்கும், புதிய கட்டிகள் வரவும் வாய்ப்புண்டு.

உதிரப்போக்குதான் பிரச்சினை என்றால் டிரானெக்சாமிக் ஆசிட் மாத்திரையோ, ஹார்மோன் சுரக்கும் 'மிரீனா' சாதனமோ போதுமாகலாம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அதை வாடவைக்கும் முறையை 1995-இலேயே பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்டார்கள். மகப்பேறு மருத்துவர் அல்ல, ரேடியாலஜி நிபுணர் செய்வது. அதனாலோ என்னவோ, இங்கே பலர் காதுக்கு இந்தப் பேச்சே எட்டுவதில்லை. இனிமேல் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இது முதல் தேர்வு அல்ல.

ஃபைப்ராய்டு வேறு, பாலிப் வேறு. உள்சவ்வில் முளைக்கும் சதை அது. கண்ணால் பார்க்காமல் சுரண்டும் 'டி அண்ட் சி'யில் தப்பிவிடும். ஹிஸ்டரோஸ்கோபியில் பார்த்து எடுப்பதே சரி. எடுத்த சதை பயாப்ஸிக்குப் போகவேண்டும். மாதவிலக்கு நின்றபிறகு ரத்தம் பட்டால் டாக்டரைப் பார்ப்பதை ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

கர்ப்பப்பையை அகற்றுவது குற்றமல்ல. மற்றவை பலிக்காதபோது, அந்தப் பெண்ணே விரும்பும்போது, அது நிரந்தர விடுதலை. ஆனால் பிகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் அகற்றியதாக உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. இதைத் தடுப்பதற்கான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்தில் ஏற்கும்படி 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவானது.

கட்டி எங்கே இருக்கிறது, எடுக்காவிட்டால் என்ன ஆகும், சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். அவசரமில்லை என்றால், இன்னொரு டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.