கேமரா ஸ்டாண்டுக்குத் தலை: பெட்டியில் அச்சிட்ட கிலோவை நம்பலாமா?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசி, குற்றாலம் வட்டாரக் கடைகளில் துண்டும் குடையும் எண்ணெயும் நேந்திரங்காய் சிப்ஸும்தான் ஓடும் என்பது பழைய கணக்கு. இப்போது அருவிக்கு வருகிறவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் தோளில் கேமராப் பையோடு வருகிறார். ஆடியில் சுந்தரபாண்டியபுரத்திலும் எங்கள் ஆய்க்குடிப் பக்கத்திலும் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகிறார்கள். 'ரோஜா' (1992) படம் எடுத்த ஊர் என்று கேட்டுக்கொண்டே வருகிறவர்களும் உண்டு. இவர்களில் பலர் ஸ்டாண்டையோ அதன் தலையையோ வீட்டில் மறந்துவிட்டு வந்தோ, வந்த இடத்தில் உடைத்துக்கொண்டோ நம் கடை வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்கு என்ன எடுத்துக் கொடுப்பது என்பது குறித்து நம் உறுப்பினர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறோம்.

ஆய்க்குடியில் கிடங்கு வைத்து ஸ்டூடியோ சாமான்களை மொத்தமாக விற்றுவரும் எங்களுக்கு இத்தொழிலில் நாற்பது ஆண்டு ஆகிறது. ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த 'இந்து' பேப்பரைக் கட்டுக் கட்டாக இறக்கிய இடம் இது. பிலிம் போயிற்று, பேப்பர் போயிற்று, இருட்டறை மருந்துகளும் போயின. ஸ்டாண்டு மட்டும் நிற்கிறது. கேமரா எத்தனை புதுமை கண்டாலும் அதைத் தாங்க மூன்று கால் வேண்டியிருக்கிறது அல்லவா!

அந்த மூன்று காலுக்கு மேலே கேமரா உட்காரும் பகுதியைத்தான் தலை என்கிறோம். நீண்ட கைப்பிடிகளைத் திருப்பி மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைக்கும் தலை ஒரு வகை. மற்றொன்று, ஒரு கிண்ணத்துக்குள் உலோக உருண்டை ஒன்று உட்கார்ந்து எந்தப் பக்கமும் சாயும்படி அமைந்தது. அதற்குப் பெயர் பால் ஹெட். (புதிதாக வந்த கணக்குப்பிள்ளை ஒருவர் இதைப் பால்பண்ணைச் சாமான் என்று எண்ணி வேறு பக்கத்தில் பதிந்துவிட்டார்.) ஒரே திருகைத் தளர்த்தி, கேமராவை வேண்டிய கோணத்தில் வைத்து, மறுபடி இறுக்கினால் வேலை முடிந்தது. கைக்கு அடக்கமானது, எடை குறைவு. அதனால்தான் பயணம் வருகிறவர்கள் இதையே கேட்கிறார்கள்.

விலை விஷயத்துக்கு வருவோம். பேர்பெற்ற இத்தாலிய, பிரெஞ்சுத் தயாரிப்புகள் நம் வட்டார வாடிக்கையாளருக்கு எட்டுவதில்லை. அவர் கேட்பது இரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்குள். அந்த விலையில் வருவது பெரும்பாலும் சீனத் தயாரிப்பு, அல்லது சீனாவில் செய்து இந்தியப் பெயரில் விற்பது. அதனால் மட்டமான சரக்கு என்று ஒதுக்க வேண்டியதில்லை. நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரிப் பெட்டியில், ஒரே மாதிரி மினுமினுப்பில் வருகின்றன என்பதுதான் சங்கடம்.

இரண்டு சீசனுக்கு முன் சுரண்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் வந்தார். வெளியில் எங்கோ தபாலில் வரவழைத்த தலையைக் கையில் வைத்திருந்தார். "அண்ணாச்சி, பெட்டியில 15 கிலோ தாங்கும்னு போட்டிருக்கான். எங்கேமரா லென்ஸோட சேத்து ரெண்டு கிலோ கூட இல்ல. பின்ன ஏன் நிக்க மாட்டேங்கு?" என்றார். அதே கேள்வியை நம் கடைகளில் எத்தனையோ பேர் கேட்கிறார்கள். நாம்தான் சரியாகப் பதில் சொல்வதில்லை.

நாம் நிறுக்கும் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் தொழிலாளர் துறை முத்திரை உண்டு. தவணை தவறினால் அபராதம். ஆனால் பால் ஹெட் பெட்டியில் போடும் கிலோவுக்கு முத்திரை போடுவார் எவருமில்லை. எப்படிச் சோதித்து அந்த எண்ணைப் போட வேண்டும் என்று எல்லாத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொண்ட பொது முறையும் கிடையாது. தலையை நேராக நிறுத்தி, உச்சியில் பாரத்தை வைத்து, நொறுங்காமல் நின்றது என்று 15 கிலோ போடுகிறவர் ஒருவர். சாய்த்து வைத்து, வழுக்காமல் நின்ற அளவை மட்டும் போடுகிறவர் வேறொருவர். அவர் பெட்டியில் 5 கிலோ என்றுதான் இருக்கும். பார்க்கிற வாடிக்கையாளர் பதினைந்தைத்தான் எடுப்பார்.

ஐந்து கிலோ சீனிப் பையை இடுப்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு அதே பையைக் கையை நேரே நீட்டிப் பிடித்துப் பாருங்கள். பை அதேதான், எடையும் அதேதான், ஆனால் தோள் அரை நிமிஷத்தில் கெஞ்சும். கேமராவும் அப்படித்தான். நேராக நிற்கும்போது அதன் பாரம் உருண்டையின் தலைமேல் இறங்குகிறது. படத்தை நெடுக்காக எடுக்கப் பக்கவாட்டில் சாய்த்தாலோ, நீண்ட லென்ஸை மாட்டி முன்பக்கம் கனத்தாலோ அதே பாரம் உருண்டையைத் திருப்பப் பார்க்கிறது. இரண்டு கிலோ கேமராவின் கனம் உருண்டையின் நடுவிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், உருண்டைக்கு அது 20 கிலோ-சென்டிமீட்டர் முறுக்கு. அதைத் தடுப்பது உருண்டைக்கும் கிண்ணத்துக்கும் உள்ள உராய்வு ஒன்றுதான்.

ஆகவே நாம் பார்க்க வேண்டிய முதல் அளவு உருண்டையின் குறுக்களவு. ஒரே அழுத்தத்தில் இறுக்கினாலும், 18 மில்லிமீட்டர் உருண்டையைவிட 36 மில்லிமீட்டர் உருண்டை இரண்டு மடங்கு முறுக்கைத் தாங்கும். பெரிய சக்கரத்தின் விளிம்பில் கை வைத்து நிறுத்துவது எளிது என்பது போல. இந்த அளவைப் பெட்டியில் போடாதவர்களும் உண்டு. கடையில் ஒரு வெர்னியர் காலிப்பர் வைத்துக்கொள்வது நல்லது. கைபேசிக்கும், சின்ன லென்ஸ் மாட்டிய சிறிய கேமராவுக்கும் 28, 30 மில்லிமீட்டர் போதும். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள் வைத்திருக்கும் சாதாரண கேமராவுக்கு 36-க்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அந்த அளவுள்ள நல்ல தலை முந்நூறு, நானூறு கிராம் இருக்கும். கையில் எடுத்ததுமே தக்கையாகத் தெரிந்தால் உள்ளே பிளாஸ்டிக் கிண்ணமா என்று சந்தேகிக்கலாம். கூந்தன்குளத்துப் பறவைகளை எடுக்கப் போகிறவர் 150-600 லென்ஸ் கொண்டு வருவார். அந்த லென்ஸ் மட்டுமே சுமார் 2 கிலோ. அவருக்கு 44 மில்லிமீட்டருக்குக் கீழே எதையும் காட்ட வேண்டாம். உண்மையில் அவருக்கு வேண்டியது ஊஞ்சல் போலத் தொங்கும் கிம்பல் தலை. நம்மிடம் இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

அடுத்தது திருகுகள். மலிவுத் தலையில் ஒரே திருகு இருக்கும். அதைத் தளர்த்தியதும் கேமரா தொப்பென்று ஒரு பக்கம் விழும். விரல் நசுங்கியவர்களும் உண்டு. இரண்டாவதாக, உராய்வைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளும் சிறு திருகு இருந்தால், பூட்டைத் தளர்த்தினாலும் கேமரா மெதுவாகத்தான் சாயும். மூன்றாவது, அடிப்பாகம் மட்டும் சுழல்வதற்கு. சூரியகாந்தி வயலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வரிசையாக எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு இது வேண்டும். கொத்தனார் ரசமட்டம் போல ஒரு சிறு குமிழியும் வைத்திருப்பார்கள். மேலே ஒன்று இருப்பது நல்லதுதான், அதற்காக ஐந்நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

நம் வியாபாரத்துக்குத் தலைவலியும் லாபமும் தருவது பிளேட்டு. கேமராவின் அடியில் திருகி, தலையின் கவ்வியில் செருகும் தட்டு இது. முன்பு ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பிளேட்டு. அது தொலைந்தால் தலையே வீண். இன்று பெரும்பாலோர் ஆர்கா-சுவிஸ் முறை என்னும் சரிவு விளிம்புப் பிளேட்டுக்கு வந்துவிட்டார்கள். அகலம் ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். இந்த 'ஏறக்குறைய'வில்தான் வினை. கம்பெனிக்குக் கம்பெனி அகலத்தில் சிறு வித்தியாசம் உண்டு. நெம்பிப் பூட்டும் கவ்வி ஒரு அளவுக்கே சரியாகக் கவ்வும். வேறு கம்பெனிப் பிளேட்டைப் போட்டால் லொடலொடவென்று ஆடும், அல்லது பூட்டவே பூட்டாது. திருகி இறுக்கும் கவ்வி கொஞ்சம் தாமதம், ஆனால் எதையும் பிடிக்கும். ஆகவே நாம் திருகுக் கவ்வியையே சிபாரிசு செய்கிறோம். பிளேட்டின் இரு முனையிலும் சிறு ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். கவ்வி தளர்ந்தாலும் கேமரா நழுவி விழாமல் அதுதான் தடுக்கும். தனிப் பிளேட்டு பத்து, இருபது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

தலை விற்கும் முன் வாடிக்கையாளரின் ஸ்டாண்டைக் கொண்டுவரச் சொல்வது அவசியம். மலிவு ஸ்டாண்டுகளில் தலை கழலவே கழலாது. அதற்கு வேறு தலை விற்பது வீண். கழலுகிற ஸ்டாண்டில் மேலே 3/8 அங்குலத் திருகு இருக்கும், சிறியவற்றில் 1/4 அங்குலம். தலையின் அடியில் 3/8 துளையும், அதற்குள் 1/4 ஆக்கும் சிறு பித்தளை புஷ்ஷும் வரும். சுண்டைக்காய் அளவு புஷ் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய தலை அலமாரியில் கிடந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இனி சோதனை. சுரண்டைத் தம்பியின் தலையில் அவருடைய கேமராவையே மாட்டி, லென்ஸை முழுதும் நீட்டி, எதிர்ச்சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் 10-ஆம் தேதியைப் படத்தின் நடுவில் வைத்துப் பூட்டச் சொன்னோம். பூட்டிக் கையை எடுத்தார். நடுவில் 17 வந்து நின்றது. ஒரு வாரம் போய்விட்டது என்று கடையில் எல்லோரும் சிரித்துவிட்டோம், அவர் சிரிக்கவில்லை. பிறகு எங்களிடமிருந்த 36 மில்லிமீட்டர் தலை ஒன்றில் அதே கேமராவை மாட்டினோம். பத்தின் பூஜ்யம் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். டீ வாங்கிவரச் சொல்லி, குடித்து முடித்துப் பார்த்தபோதும் அதே இடம். இந்த விலைத் தலைகளில் பூட்டும்போது இம்மியளவு இறங்குவது சகஜம், அதைக் கணக்கில் வைத்துச் சற்று மேலே குறிபார்த்துப் பூட்டப் பழகிவிடுவார்கள். பூட்டிய பிறகும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆகாது. அருவித் தண்ணீர் பால் போலத் தெரிய அரை நொடி, ஒரு நொடி திறந்து எடுக்கிறார்கள். அந்த ஒரு நொடியில் தலை நகர்ந்தால் படம் பாழ். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்றை நம்பித்தான் நம் பக்கத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் வயலுக்குள் நிற்கும் ஸ்டாண்டு என்ன பாடுபடும் என்று சொல்ல வேண்டியதில்லை. திருகை இரண்டு விரலால் இறுக்கியே நிற்க வேண்டும். குறடு தேடுகிற தலை கடையிலேயே இருக்கட்டும்.

எங்கள் கடையில் நடந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறோம். ஒரு மழைக்காலத்தில் வாடிக்கையாளர் ஒருவர் தலை இறுக்கமாக இருக்கிறது என்றார். கடைப் பையன் நல்லது என்று நினைத்து உருண்டைக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டுக் கொடுத்துவிட்டான். வழுவழுவென்று சுழன்றதில் வாடிக்கையாளருக்கும் சந்தோஷம். மறுநாள் ஐந்தருவியில் கேமராவைச் சாய்த்துப் பூட்டியவர் கையை எடுத்தார், கனத்த லென்ஸ் அப்படியே சுழன்று இரும்புக் கம்பியில் மோதியது. உராய்வையே நம்பி நிற்கும் பொருளுக்கு எண்ணெய் விட்டால் வேறென்ன நடக்கும்! லென்ஸ் பழுதுபார்த்த செலவை நாங்களே கொடுத்தோம். பையனை ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு எதையும் சொல்லிக் கொடுக்காதது எங்கள் குற்றம். அன்றிலிருந்து எங்கள் கடையில் ஒரே விதி: சாரலில் நனைந்த தலையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மணல் இருந்தால் தட்டி, திருகைத் தளர்த்திக் காற்றாட வைக்க வேண்டும். எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது.

கல்யாண வீடியோ எடுப்பவர் கேட்டால் பால் ஹெட் கொடுக்க வேண்டாம். ஓடும் காட்சியைச் சீராகத் திருப்ப அவருக்கு வேண்டியது புளூயிட் ஹெட். விலை பார்த்து இதை வாங்கிப்போனால் முகூர்த்தம் முழுக்கக் குலுங்கிய படத்தோடு நம்மிடம்தான் திரும்பி வருவார்.

கொள்முதல் செய்யும்போது பெட்டியையும் திருப்பிப் பாருங்கள். 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, மாதம் வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். இவை இல்லாத வெறும் பெட்டியை மலிவு என்று வாங்கி அடுக்கினால் சோதனை வரும்போது பதில் சொல்லப்போவது நாம், நமக்கு விற்றவர் அல்ல.

சுரண்டைத் தம்பி அன்று வாங்கிப்போன தலைக்கு, ஒரு வாரத்துக்குள் காலண்டர் சோதனையில் தவறினால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதிக் கொடுத்தோம். திரும்பி வரவில்லை. வைகாசி கடைசியில் சரக்கு இறக்கும் உறுப்பினர்கள், ஒரு டஜனுக்கு ஒரு தலையாவது பெட்டியைப் பிரித்து இப்படிப் பார்த்த பிறகே மொத்தத்துக்கும் பணம் கட்டுங்கள். பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிற மொத்த வியாபாரியிடம், நாங்களாகவே இருந்தாலும், வாங்க வேண்டாம்.