பணியோட்டப் பொறியும் புளியங்கொட்டையும்

பெரிய அலுவலகங்களில் ஒரு விண்ணப்பம் மேசைக்கு மேசை செல்வதை நாம் அறிவோம். முன்னாளில் ஏவலர் கோப்பைச் சுமந்து சென்றார். இந்நாளில் அவ்வேலையைப் பணியோட்டப் பொறி என்னும் மென்பொருள் செய்கிறது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, அதனைச் செய்பவர் யார் என்று நாம் படம் வரைந்து கொடுத்தால், பொறி அதன்படியே நடக்கும். படத்தில் இல்லாததை அது செய்யாது. ஆகவே, அப்படத்தைப் பிழையின்றி வரைவது எவ்வாறு என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

ஒரு வங்கிக்குக் கல்விக் கடன் கேட்டு ஒரு மாணவரின் விண்ணப்பம் வருகிறது என்று கொள்வோம். கல்லூரியில் இடம் கிடைத்தது உண்மையா, வருமானச் சான்று சரியானதா என்ற இரண்டையும் ஒரே சமயத்தில் ஆராயலாம். இங்கே பாதை, ‘இதுவும் அதுவும்’ என்று பிரிகிறது. பின்னர், தொகை சிறிதாயின் கிளை மேலாளரும், பெரிதாயின் வட்டார அலுவலகமும் ஒப்புதல் தருவர். இங்கே அது ‘இதுவா அதுவா’ என்று பிரிகிறது. 2011-ஆம் ஆண்டில் வெளியான பி.பி.எம்.என். 2.0 என்னும் குறிமுறையில், முன்னதற்குச் சாய்சதுரத்தினுள் கூட்டல் குறியும், பின்னதற்குப் பெருக்கல் குறியும் இடுவர். பிரிந்த பாதைகள் கூடுமிடத்திலும் இவ்விரு குறிகளே வரும்.

பிழை நேர்வது பெரும்பாலும் கூடுமிடத்திலேதான். ‘இதுவா அதுவா’ என்று பிரிந்த பாதைகளைக் கூட்டல் குறியால் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? பொறி இரண்டு ஒப்புதல்களுக்கும் காத்திருக்கும், வருவதோ ஒன்றே. விண்ணப்பம் ‘நடவடிக்கையில் உள்ளது’ என்றே திரையில் தோன்றும். கட்டணம் செலுத்தும் நாள் கடந்துவிடும். மாறாக, ‘இதுவும் அதுவும்’ என்று பிரிந்ததைப் பெருக்கல் குறியால் சேர்த்தால், அடுத்த வேலை இருமுறை நடக்கும். கடனும் இருமுறை வழங்கப்படலாம்.

இதனை முன்கூட்டியே அறிய வழி உண்டு. ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆதாம் பெட்ரி 1962-இல் எழுதிய ஆய்வேடு, இத்தகைய ஓட்டங்களைக் கணித முறையில் ஆராய அடிகோலியது. அவர் பெயரால் வழங்கும் வலைகளில் வில்லைகள் இடம்விட்டு இடம் நகரும். நீங்கள் வில்லைக்குப் பதிலாகப் புளியங்கொட்டையைக் கொள்ளலாம். படத்தைத் தாளில் வரைந்து, தொடக்கத்தில் ஒரு கொட்டையை வையுங்கள். கூட்டல் குறியில் பாதை பிரிந்தால் கொட்டையை இரண்டாக்குங்கள். கூடினால், இரண்டும் வந்த பிறகே ஒன்றாக்குங்கள். பெருக்கல் குறியில் பாதை பிரிந்தால் ஒரு பாதையில் மட்டும் நகர்த்துங்கள். கூடினால், வந்த கொட்டையை அப்படியே அனுப்புங்கள். எல்லா வழிகளிலும் சென்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் முடிவிடத்தில் ஒரே கொட்டை சேர்ந்து, இடையில் எதுவும் தங்காதிருந்தால் உங்கள் படத்தின் ஓட்டம் சரி.

ஓர் அலுவலர் தாமதித்தால் மூன்று நாளில் மேலதிகாரிக்கு அறிவிக்குமாறு பொறியில் ஒரு கடிகாரத்தையும் அமைக்கலாம். ஆனால், மாணவர்களே, அது எழுப்புவது அலுவலரைத்தான். படமே காத்திருந்தால் எழுப்புவதற்கு அங்கே ஆள் இல்லை. ஆதலால் பொறியை ஓட விடுமுன் புளியங்கொட்டையை ஓட்டிப் பாருங்கள்.